அஞ்சத்தக்கதும் வியக்கத்தக்கதும்: ஆங்கிலப் பெயரடைகள் குறித்த ஒரு பழைய வினா

அச்சத்தையோ மலைப்பையோ எழுப்பும் பொருள்களைச் சுட்ட ஆங்கிலத்தில் வழங்கும் பெயரடைகள், அதாவது பெயர்ச்சொல்லைச் சார்ந்து நின்று அதன் தன்மையை உரைக்கும் சொற்கள், எண்ணிக்கையில் மிகுதியானவை. டெரிபிள், ட்ரெட்ஃபுல், ஆஃபுல், ஆசம், ஃபார்மிடபிள், ஓமினஸ், சினிஸ்டர், மெனசிங், ட்ரெமெண்டஸ் என நீளும் இவ்வரிசையில் ஒரு சொல்லுக்குப் பொருள் தேடி அகராதியைப் புரட்டுபவர் பெரும்பாலும் அதே வரிசையிலுள்ள மற்றொரு சொல்லிடம் அனுப்பப்படுகிறார், அங்கிருந்து மூன்றாவதற்கு, சில வேளைகளில் புறப்பட்ட சொல்லுக்கே. ஆயினும் வழக்கில் இவை ஒன்றின் இடத்தில் ஒன்று எளிதில் அமர்வதில்லை. வலுவான எதிராளி ஃபார்மிடபிள் எனப்படுவார். மழைக்கு முன் திரளும் கருமுகில் ஓமினஸ் எனப்படும். இடம் மாற்றிச் சொன்னால், இலக்கணம் பிழைபடாவிடினும், சொல்லவந்த செய்தி வேறாகிவிடும். இவ்வேறுபாடு எங்கே தங்கியிருக்கிறது என்பதே வினா. சொல்லின் உட்பொருளிலா, அச்சம் என்னும் உணர்வின் வகைகளிலா, சொல் பழகும் சூழலிலா, அல்லது அது கடந்துவந்த வரலாற்றிலா? ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாக அகராதியாளர், மெய்யியலார், இறையியலார், மொழியியலார், உளவியலார் எனப் பலரும் இதற்கு விடை கூறியுள்ளனர். ஒருவர் விடையை மற்றவர் படித்ததற்கான சான்று மட்டும் அரிது.

சேனையும் போர்க்களமும் புலியின் கண்ணும்

ஒரு மொழியில் முற்றிலும் ஒரே பொருளுடைய இரு சொற்கள் நிலைத்திருக்க முடியாது என்ற நம்பிக்கை 18ஆம் நூற்றாண்டில் வலுப்பெற்றது. பிரெஞ்சு அறிஞர் கப்ரியேல் ஜிரார் 1718இல் தம் மொழியின் ஒத்தபொருட் சொற்களை நுணுகிப் பிரித்து நூல் செய்தார். ஜான் ட்ரஸ்லர் 1766இல் அம்முறையை ஆங்கிலத்திற்குக் கொண்டுவந்தார். சாமுவேல் ஜான்சனின் நண்பரான ஹெஸ்டர் லிஞ்ச் பியோட்சி 1794இலும், ஜார்ஜ் க்ராப் 1816இலும் அதே தடத்தில் நடந்தனர். இவர்களுள் அச்சச் சொற்களை அக்கறையோடு அளந்தவர் க்ராப். ஃபார்மிடபிள், ட்ரெட்ஃபுல், டெரிபிள், ஷாக்கிங் ஆகிய நான்கையும் ஒரே பதிவில் வைத்து அவர் செய்த பிரிப்பு இன்றும் கருதத்தக்கது. ஃபார்மிடபிள் எனப்படுவது திடீரென வருவதுமன்று, வன்மையாகத் தாக்குவதுமன்று. ட்ரெட்ஃபுல் எனப்படுவது வன்மையாகத் தாக்கலாம், ஆனால் திடீரென வராது. மற்ற இரண்டும் திடீரெனவும் வன்மையாகவும் வருபவை, அவற்றுள் டெரிபிள் புலனையும் கற்பனையையும் தாக்க, ஷாக்கிங் அறவுணர்வைத் தாக்கும். அணிவகுத்து நிற்கும் சேனையின் தோற்றம் முதல் வகை, போர்க்களத்தின் காட்சி இரண்டாவது, புலியின் கண்ணில் தெறிக்கும் ஒளி மூன்றாவது, எதிர்பாராமல் வந்து சேரும் நண்பரின் சாவுச் செய்தி நான்காவது.

இப்பிரிப்பின் சிறப்பு, அச்சத்தைக் கூடுதல், குறைவு என்று அளவிடாமல், அது வரும் விதத்தைக் கொண்டு வகுத்ததாகும். பிற்கால அகராதிகள் பலவும் மிகு அச்சம், கடும் அச்சம், பேரச்சம் எனப் படிக்கட்டு கட்டி ஏமாந்ததை நோக்க, க்ராப் கண்ட வழி மேலானது. குறையும் வெளிப்படையானதே: எடுத்துக்காட்டுகள் முடிவுக்கு ஏற்பத் தேர்ந்தவை. போர்க்களத்தை டெரிபிள் என்று எழுதிய ஆங்கில ஆசிரியர் க்ராப்புக்கு முன்னும் பின்னும் இருந்தனர். அவர்கள் பிழை செய்தனர் என்று கூறுவதன்றி அவருடைய முறையில் வேறு வழியில்லை. ஒத்தபொருட் சொற்களைப் பிரித்த இந்நூலாசிரியர்கள் உண்மை வழக்கை விளக்கினார்களா, நல்ல வழக்கை விதித்தார்களா என்பது அவர்களுக்கே தெளிவில்லை எனத் தோன்றுகிறது.

அதே 1816ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் ஜான் பிக்கரிங் அமெரிக்க வழக்குச் சொற்களின் தொகுதியொன்றை வெளியிட்டார். ஆஃபுல் என்னும் சொல்லை நியூ இங்கிலாந்து மக்கள் பிடிக்காத மருந்துக்கும் அழகற்ற முகத்திற்கும் பயன்படுத்துவதை அதில் அவர் குறித்துள்ளார். இறைவன் திருமுன் தோன்றும் நடுக்கத்துக்குரிய சொல், வாய் கசக்கும் மருந்துக்கு இறங்கி வந்திருந்தது. கடலுக்கு இப்பால் ஒருவர் எல்லைக்கல் நட்டுக்கொண்டிருக்க, அப்பால் எல்லையே நகர்ந்துகொண்டிருந்தது என்பது ஒத்தபொருளாய்வின் அடிப்படைச் சிக்கலைக் காட்டும்.

உன்னதக் கோட்பாடு

வேறுபாடு சொல்லில் அன்று, உணர்வில் உள்ளது என்பது இரண்டாவது நிலைப்பாடு. எட்மண்ட் பர்க் 1757இல் வெளியிட்ட நூல் இதன் தலைவாயில். மனத்தை நிறைத்து நிறுத்திவிடும் பெருமித அனுபவத்தைக் குறிக்கும் சப்லைம் என்ற சொல்லை (தமிழில் உன்னதம் என வழங்குவது) அவர் அச்சத்தின் மீது நிறுவினார்: வலியையும் ஆபத்தையும் நினைவூட்டுவது எதுவோ, அது உயிருக்கு நேரே உறுத்தாத தொலைவில் இருக்கும்போது உன்னதமாகிறது. இதற்கு அவர் காட்டிய சான்றுகளில் மொழிச்சான்றும் ஒன்று. கிரேக்கத்தில் தாம்போஸ் என்ற சொல் அச்சத்தையும் வியப்பையும் குறிப்பதையும், தெய்னோஸ் அஞ்சத்தக்கதையும் மதிக்கத்தக்கதையும் குறிப்பதையும், இலத்தீனில் அஞ்சுதலும் வணங்குதலும் ஒரே வினைச்சொல்லில் அடங்குவதையும் காட்டி, இவ்வுணர்வுகள் உறவுடையவை என்பதற்கு மொழிகளே சாட்சி என்றார்.

சாட்சி ஒருபக்கமானது. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிய மொழிகளை மட்டும் அவர் அழைத்தார். பிரித்து வைத்த மரபுகளை அழைக்கவில்லை. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் எண்வகை மெய்ப்பாடுகளுள் மருட்கையையும் அச்சத்தையும் தனித்தனியே நிறுத்துகிறது. வடமொழிச் சுவைக்கோட்பாடும் அற்புதத்தையும் பயானகத்தையும் வேறாகவே எண்ணுகிறது. வேறு பெயர் பெற்றவை உறவற்றவை ஆகா என்று பர்க் மறுமொழி கூறியிருக்கலாம். அப்படிக் கூறினால் ஒரே பெயர் பெற்றவை உறவுடையவை என்ற வாதமும் சேர்ந்தே தளர்கிறது.

அவர் காலத்தை அடுத்து வந்த எதிர்ப்புகளுள் ரிச்சர்ட் பெய்ன் நைட்டுடையது மறக்க முடியாதது. லண்டன் மாநகரின் செயின்ட் ஜேம்ஸ் தெருவில் கால்சட்டை அணியாமல், குண்டேற்றிய துப்பாக்கியுடன் பர்க் நடந்து போனால், பார்ப்பவர்க்குத் திகைப்பும் அச்சமும் ஒருங்கே தோன்றும், உன்னதம் தோன்றுமா என்று 1805இல் அவர் கேட்டார். கேலி என்று ஒதுக்கத்தக்க வினாவன்று அது. அச்சம் மட்டும் போதாது, அஞ்சப்படுவதற்கு ஒரு தகுதியும் வேண்டும் என்ற உண்மை அதில் அடங்கியிருக்கிறது; ஃபார்மிடபிள் என்ற சொல்லுக்கும் ஸ்கேரி என்ற சொல்லுக்கும் இடையிலான தூரம் அந்தத் தகுதிதான்.

இம்மானுவேல் காண்ட் 1790இல் இத்தகுதியை வேறிடத்தில் தேடினார். புயலையும் எரிமலையையும் பாதுகாப்பான இடத்திலிருந்து காண்பவர், அது அஞ்சத்தக்கது என அறிந்தும் அஞ்சாதிருக்கிறார். அந்நிலையில் அவர் உணரும் உயர்வு இயற்கைக்கு உரியதன்று, தம் பகுத்தறிவுக்கு உரியது என்றார். பொருளின் தன்மை (அஞ்சத்தக்கது), காண்பவரின் நிலை (அஞ்சுதல்) என்னும் இரண்டையும் அவர் தெளிவாகப் பிரித்தது சொல்லாய்வுக்குக் கிடைத்த பெரும் ஆதாயம். ஏனெனில் ஆங்கிலச் சொற்கள் பல இவ்விரண்டையும் கலந்தே வந்துள்ளன. ஃபியர்ஃபுல் என்பது அஞ்சுபவரையும் அஞ்சப்படுவதையும் குறிக்கும்; ஸ்காட்லாந்து வழக்கிலிருந்து வந்த ஈரி என்ற சொல், முதலில் அச்சம் கொண்டவரைக் குறித்து, பிறகே அமானுடமான இடத்தையும் ஒலியையும் குறிக்கலாயிற்று. திகில் நாவலாசிரியர் ஆன் ராட்கிளிஃப், அவர் இறந்தபின் 1826இல் அச்சான கட்டுரையில், டெரர் உள்ளத்தை விரித்து விழிப்பூட்டுவது என்றும், ஹாரர் அதைச் சுருக்கி உறையவைப்பது என்றும் பிரித்தார். திகில் இலக்கியத் திறனாய்வில் இப்பிரிப்பு இன்றளவும் எடுத்தாளப்படுகிறது.

புனிதத்தின் முன் நடுக்கம்

ருடால்ஃப் ஓட்டோ 1917இல் வெளியிட்டு, 1923இல் ஆங்கிலமாக்கப்பட்ட நூல் இவ்வுரையாடலை இறையியலுக்கு மாற்றியது. நடுங்கவைத்துக்கொண்டே ஈர்க்கும் மறைபொருளின் அனுபவத்தை அவர் நூமினஸ் என்ற புதுச்சொல்லால் அழைத்தார். அது இயல்பான அச்சத்தின் மிகுதியன்று, தனி இனம் என்பது அவர் கொள்கை. இத்தகைய அனுபவத்தை நினைவுகூர இயலாதவர் மேலே படிக்க வேண்டா என்று நூலின் தொடக்கத்திலேயே அவர் வேண்டிக்கொண்டார். இது நேர்மையான வேண்டுகோள்தான். ஆனால், உடன்படாதவரை வாயிலிலேயே நிறுத்திவிடும் கோட்பாட்டைச் சோதித்துப் பார்ப்பது எங்ஙனம் என்ற கேள்வியை அது எழுப்புகிறது.

அவருடைய கொள்கையை ஏற்பினும் மறுப்பினும், அவர் சுட்டிய சொற்களின் பின்வரலாறு விவிலிய மொழிபெயர்ப்புகளில் நன்கு பதிவாகியிருக்கிறது. பெத்தேலில் கண்விழித்த யாக்கோபு அவ்விடத்தைப் பற்றிக் கூறும் அடைக்கு 1611ஆம் ஆண்டு அரசர் ஜேம்ஸ் பதிப்பு ட்ரெட்ஃபுல் என்றும், 47ஆம் சங்கீதத்தில் கர்த்தருக்குரிய அடைக்கு டெரிபிள் என்றும் எழுதியது. இரண்டிடத்தும் எபிரேய மூலத்திலிருப்பது நோரா என்ற ஒரே சொல். அஞ்சுதல் என்ற வினையடியிலிருந்து பிறந்தது. 1978இல் முழுமையாக வெளிவந்த புதிய பன்னாட்டுப் பதிப்பு இரண்டிடத்தும் ஆசம் என்று மாற்றிக்கொண்டது. பழைய இரு சொற்களும் அதற்குள் வெறும் மோசம் என்ற பொருளுக்குச் சரிந்துவிட்டிருந்தன. மாற்றம் நிகழ்ந்த சில ஆண்டுகளிலேயே அமெரிக்க இளைஞர் பேச்சில் ஆசம் என்பது நல்ல சிற்றுண்டியைப் புகழும் சொல்லாகப் பரவியது மொழிபெயர்ப்பாளர் கையில் இல்லாத விபத்து. பழைய தமிழ் விவிலியம் இவ்விரண்டு இடங்களிலும் பயங்கரம் என்ற சொல்லையே ஆண்டது. இன்றைய வாசகர் காதில் அது நடுக்கத்தோடு கூடிய வணக்கமாக ஒலிக்குமா என்பது ஐயத்துக்குரியது.

ரஷ்ய மன்னர் நான்காம் இவானின் பட்டப்பெயர் மற்றொரு சான்று. 1547இல் ட்சாராக முடிசூடிய அவரை ரஷ்யர் க்ரோஸ்னி என்றனர். இடிமழையையும் அச்சுறுத்தலையும் குறிக்கும் க்ரோஸா என்ற சொல்லோடு உறவுடையது அது. எதிரிகள் நடுங்கும், குடிகள் அடங்கும் ஆட்சிவன்மையைப் போற்றும் சாயலும் அதில் உண்டு. ஆங்கிலத்தில் டெரிபிள் என அது பெயர்க்கப்பட்ட காலத்தில் பொருத்தமாகவே இருந்தது. சொல் தேய்ந்தபின் மன்னரும் அதனுடன் தேய்ந்து, கொடியவர் என்ற ஒற்றைப் பொருளில் நின்றுவிட்டார். ஃபார்மிடபிள் என மாற்றலாம் என்று முன்மொழிந்தோர் உண்டு. பழகிய பெயரைப் பெயர்ப்பது எளிதாக இல்லை.

தேய்ந்த சொற்களும் தேயாத சொற்களும்

ஒரு சொல் தன் வலிய பொருளை இழந்து, மிகுதியையோ பாராட்டையோ மட்டும் குறிக்கும் நிலைக்கு வருவதை மொழியியலார் பொருள்தேய்வு என்பர். டெரிபிள், டெரிஃபிக் ஆகிய இரண்டும் நடுங்கச்செய்தல் என்னும் ஒரே இலத்தீன் வினையடியில் பிறந்தவை. மில்டன் 1667இல் பாம்பின் பிடரிமயிரை வருணிக்க ஆண்ட டெரிஃபிக், ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதியிலும் அச்சம் தருவது என்றே பொருள் பெற்றது. 19ஆம் நூற்றாண்டில் முதலில் பெரிது, கடுமையானது என்றும், அந்நூற்றாண்டின் இறுதியில் மிக நல்லது என்றும் பொருள் மாறியது. உடன்பிறந்த டெரிபிள் எதிர்த்திசையில் சென்று மிக மோசம் என்றாயிற்று. ஆஃபுல், ஆசம் ஆகியவற்றின் கதையும் இதுவே: ஒரே வேர், எதிரெதிர் முடிவு.

சார்லஸ் ஆஸ்குட்டும் அவருடைய உடனாய்வாளர் இருவரும் 1957இல் வெளியிட்ட பொருளளவை நூல் இதற்கு ஒரு பகுதி விளக்கம் தருகிறது. சொற்களைப் பற்றி மக்கள் தரும் மதிப்பீடுகளை அவர்கள் நன்மை–தீமை, வலிமை–மென்மை, இயக்கம்–அமைதி என்னும் மூன்று அச்சுகளில் தொகுத்தனர். இவ்வளவுகோலில் வைத்துப் பார்த்தால், டெரிஃபிக் என்ற சொல் வலிமை அச்சில் இருந்த இடத்தை விடாமல், நன்மை அச்சில் மட்டும் புரண்டது எனலாம். ஆனால் டெரிபிள் ஏன் புரளவில்லை என்பதற்கு அவ்வளவுகோலில் விடையில்லை. ஜுவோ ஜிங்-ஷ்மிட் 2007இல், தீயதன் மேல் மனிதக் கவனம் விரைந்து குவிவதால்தான் அச்சம், அருவருப்பு முதலியவற்றின் சொற்கள் பல மொழிகளிலும் மிகுதிச் சொற்களாகின்றன என்று வாதிட்டார். தமிழ்ப் பேச்சில் சுவையான சாப்பாட்டைப் பயங்கரம் என்று புகழ்வது இதற்கு ஒத்துவருகிறது. எனினும் ஹாரிபிள், ஹாரிஃபிக் ஆகியவை அஞ்சிச் சிலிர்க்கும் பொருளுடையனவாய் இருந்தும் பாராட்டாக மாறாதது இக்கொள்கைக்குள் அடங்கவில்லை.

மேற்கண்ட கொள்கைகள் அனைத்தும் கவனிக்காமல் விட்ட ஒன்று இங்கே உண்டு. அச்சச் சொற்களில் இரு குழுக்கள் இருப்பதாகத் தெரிகிறது. டெரிபிள், ஆஃபுல், ட்ரெட்ஃபுல், ட்ரெமெண்டஸ் போன்றவை உள்ளத்தில் நிகழும் உணர்வின் பெயரிலிருந்து பிறந்தவை. நடுக்கம், அச்சம் என்பதற்கு மேல் அவை பொருளைப் பற்றிக் கூறுவது சிறிது. ஓமினஸ், சினிஸ்டர், மெனசிங், டான்டிங் போன்றவையோ நிலைமையைப் பற்றிய தீர்ப்புகள். ஓமினஸ் என்றால் தீமை இன்னும் வரவில்லை, குறி தோன்றிவிட்டது. சினிஸ்டர் என்றால் மறைந்த கெட்ட எண்ணம் இருக்கிறது. மெனசிங் என்றால் மிரட்டல் வெளிப்பட்டுவிட்டது. டான்டிங் என்றால் எதிரில் நிற்பது எதிரியன்று, செய்ய வேண்டிய வேலை. முதற்குழு பெரும்பாலும் தேய்ந்துவிட்டது; இரண்டாங்குழு ஏறத்தாழத் தேயவில்லை. டெரிப்ளி குட் என்று கூறும் எவரும் ஓமினஸ்லி குட் என்று அதே பொருளில் கூறுவதில்லை. உணர்வைக் குறித்த சொல்லை எதன்மேலும் ஏற்றலாம். காலத்தையும் நோக்கத்தையும் உள்ளடக்கிய சொல்லை அவ்வாறு ஏற்ற இயலாது என்பது இதன் காரணமாகலாம். ஆனால் பிரெஞ்சு மொழியில் ஃபார்மிதாப்ல் என்ற சொல் அன்றாடப் பேச்சில் அருமை என்ற பொருளுக்குத் தேய்ந்துவிட, ஆங்கிலத்து ஃபார்மிடபிள் தன் எடையைப் பேரளவு காத்துநிற்கிறது. இரண்டுக்கும் இலத்தீன் மூலம் ஒன்றே, அதுவும் உணர்வுச் சொல்லே. ஆகவே பிறப்பு மட்டும் விதியன்று. ஒவ்வொரு மொழியிலும் அச்சொல் யார் கையில், எந்த நடையில் வழங்கியது என்பதும் கணக்கில் வரவேண்டும்.

சுற்றத்தைக் கொண்டு அறிதல்

சொல்லை அதன் சுற்றத்தால் அறியலாம் என்ற கருத்தை ஜே. ஆர். ஃபர்த் 1957இல் முன்வைத்தார். கணினியில் தொகுத்த மாபெரும் உரைத்திரட்டான மொழித் தரவகம் வந்தபின் அது செய்முறையாயிற்று. ஜான் சின்க்ளேர் தலைமையில் பர்மிங்ஹாமில் உருவாகி 1987இல் வெளிவந்த கோபில்ட் அகராதி, ஒற்றைச் சொல்லால் பொருள் தராமல், யாரை அல்லது எதை அவ்வாறு கூறுவர் என்பதை முழு வாக்கியமாக விளக்கியது. சொல்லிலிருந்து சொல்லுக்கு அனுப்பும் பழைய வட்டத்தை உடைத்த முறை அது. பில் லோ 1993இல், சில சொற்கள் தம்முடன் வழக்கமாக வரும் நல்ல அல்லது தீய சொற்களின் சாயலைத் தாமும் ஏற்கின்றன என்று கூறி அதைப் பொருட்சாயல் என விளக்கினார். ஃபார்மிடபிள் என்ற சொல் தடை, பணி, எதிராளி, புகழ் ஆகியவற்றோடு வருவதையும், ஓமினஸ் என்பது குறி, மௌனம், முகில் ஆகியவற்றோடு வருவதையும் இம்முறை ஐயமின்றிக் காட்டிவிடும்.

காட்டுவது வேறு, விளக்குவது வேறு. சாயல் ஒரு சொல்லிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுகிறது என்பது காலப்போக்கில் நிகழ்ந்த மாற்றத்தைப் பற்றிய கூற்று. அதற்குக் காட்டப்படும் சான்றோ ஒரே காலத்து உரைகள் என்று சாம் விட்சிட் 2005இல் எழுப்பிய தடை வலுவுடையது. இன்னொரு குறையும் உண்டு: முகில் ஓமினஸ் எனப்படுவது அச்சொல் முகிலோடு பழகியதால் அன்று, முகில் வரவிருப்பதைக் காட்டுவதால்தான். சுற்றம் காரணம் என்பதைவிட விளைவு என்பதே பொருந்தும். க்ராப் எண்ணிக்கை இன்றித் தேடியதும் அந்தக் காரணத்தைத்தான்.

வியப்புக்குள் அச்சம் உண்டா

உளவியலில் இவ்வினா அண்மையில் மறுபிறவி எடுத்தது. டேகர் கெல்ட்னரும் ஜோனதன் ஹைட்டும் 2003இல், மலைப்பு என்னும் உணர்வுக்குப் பரப்பின் பெருமையும், அதைக் கொள்ள உள்ளம் தன்னை மாற்றியமைக்க வேண்டிய தேவையும் ஆகிய இரண்டே இன்றியமையாதவை என்றனர். அச்சுறுத்தல், அழகு, ஆற்றல், நற்பண்பு, அமானுடம் ஆகிய ஐந்தும் அதற்குச் சுவையூட்டுபவை மட்டுமே. பர்க் அடிப்படையில் வைத்த அச்சம் இங்கே கூட்டுப்பொருளாகிவிட்டது. 2017இல் அமி கார்டனும் உடனாய்வாளரும் அச்சுறுத்தல் கலந்த மலைப்பைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினர். இங்கே ஒரு தயக்கம் தேவைப்படுகிறது: ஆசம் என்ற சொல் பாராட்டாக மாறிய சமூகத்தில் வாழ்வோரிடம் அதன் வேர்ச்சொல்லைக் கொண்டே வினாத் தொடுத்தால், விடையில் நன்மை மேலோங்கித் தெரிவது உணர்வின் இயல்பா, சொல்லின் இயல்பா என்று பிரித்தறிவது கடினம்.

தீராதவை

இந்நிலையில் உறுதியாகக் கூறத்தக்கவை சில. அச்சத்தின் அளவைக் கொண்டு இச்சொற்களைப் படிவரிசையாக்கும் முயற்சி பயன்தரவில்லை. அஞ்சுபவர், அஞ்சப்படுவது, தீமை வரும் காலம், அதன் பின்னுள்ள நோக்கம், எதிர்த்து நிற்க இயலும் என்ற எண்ணம் ஆகியவற்றைக் கொண்டு பிரிப்பது கூடுதலான சொற்களை விளக்குகிறது. மெய்யியலும் இறையியலும் உணர்வுச் சொற்களையே சுற்றிவந்ததால், தீர்ப்புச் சொற்களைப் பற்றி அவற்றிடம் சொல்ல அதிகமில்லை. ஓட்டோவின் நூமினஸ் கொண்டு டான்டிங் என்ற சொல்லை விளக்க முயல்வது வீண்.

தீராதிருப்பவற்றுள் முதன்மையானது, ஒரே வேரில் பிறந்த இணைகளுள் எது நன்மைக்கும் எது தீமைக்கும் திரும்பும் என்பதை முன்கூட்டிச் சொல்ல இயலுமா என்பது. தீமைக்குரிய இடத்தை டெரிபிள் முன்னரே பிடித்துக்கொண்டதால் டெரிஃபிக் எதிர்ப்புறம் தள்ளப்பட்டது என்ற விளக்கம் கவர்ச்சியானது. ஆனால் ஹாரிபிள், ஹாரிஃபிக் ஆகிய இரண்டும் தீமைப் பக்கமே நெருங்கி நிற்கின்றன. இதை முடிவுசெய்யத் தேவையான சான்று கிடைப்பதும் எளிதன்று. இத்தகைய புரட்டல்கள் பேச்சில் தொடங்குபவை. பத்துக் கோடிச் சொற்கள் கொண்ட பிரிட்டிஷ் தேசியத் தரவகத்திலேயே பேச்சுமொழி ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். 18, 19ஆம் நூற்றாண்டுகளுக்கோ கடிதங்களும் நாடகங்களும் நீதிமன்றப் பதிவுகளும், பிக்கரிங் போன்று முகம் சுளித்துக் குறித்து வைத்தவர்களின் ஏடுகளுமே எஞ்சியிருக்கின்றன. குறித்தவர் சுளித்த முகத்தோடு குறித்ததால், ஆஃபுல் என்ற சொல்லின் இழிந்த வழக்குப் பதிவான அளவுக்கு, அதே காலத்தில் வணக்கத்தோடு ஆண்ட வழக்கு எவ்வளவு நீடித்தது என்பது பதிவாகவில்லை.